மருந்துக் கவுண்டருக்குப் போன டாக்டரின் குரல்

எனக்கு உலகத்திலேயே பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு. "நெட்வொர்க் ப்ராப்ளம்." போன மாதம் என் பழைய ஆபீஸிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். நடுவில் அவள் குரல் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டவள், "ஸாரி மேடம், நெட்வொர்க் ப்ராப்ளம்" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! "எந்த நெட்வொர்க்? உன் பக்கமா, என் பக்கமா? பாத்துட்டுச் சொல்றியா, சும்மாச் சொல்றியா?" என்று பிடித்துக்கொண்டேன். பாவம், அவள் என் முட்டிவலியை விசாரிக்கத்தான் கூப்பிட்டிருந்தாள்.

நல்ல பெண், கோபித்துக்கொள்ளவில்லை. "மேடம், அந்தக் காலத்துல மணி அடிக்குமாம், எடுத்தா சத்தம் மட்டும் வராதாமே, நெஜமா?" என்று கேட்டாள். அந்தக் காலமாம்! இரண்டாயிரங்களின் நடுவில் நடந்த சங்கதி அது. இப்போதைய போன்கள் அதையெல்லாம் தாங்களாகவே சமாளித்துக்கொள்கின்றன. அன்றைக்கு அதைச் சமாளிக்க நான் மலையடிவாரத்து வித்துராவுக்கும் நகரத்துக்குமாக எத்தனை தடவை பஸ் ஏறினேன் என்பது எனக்குத்தான் தெரியும். அவளிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

நான் கரமனைக்காரி, மலையாள நகரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். டிப்ளமோ முடித்த கையோடு தொலைபேசி இலாகாவில் சேர்ந்தேன். இருபது வருஷத்துக்கு மேல் எக்ஸ்சேஞ்சில் சோதனை மேஜை. வெளியே லைன்மேன் கம்பத்தின் மேல் இருப்பார், உள்ளே நான் ஹெட்போனுடன் இருப்பேன். "ஹலோ ஹலோ, ஒண்ணு ரெண்டு மூணு, கேக்கறதா, ஹலோ" என்று மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் அவர் லைன் போச்சு என்று நினைத்துக் கம்பத்திலிருந்து இறங்கிவிடுவார். இந்தப் பழக்கம் எனக்குள் எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்பதும், அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதும் பின்னால் வரும்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார எனக்குப் பொறுமை இல்லை. இணையத்தின் வழியாகப் பேசும் ஐபி போன்களை ஆபீஸ்களுக்குப் போட்டுக்கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே எனக்கு மேலதிகாரி வர்கீஸ் சார். என்னைவிட ஏழு வயது சின்னவர். அவருடைய தமிழ் பாதி மலையாளம், என்னுடைய மலையாளம் பாதி தமிழ். ஆகவே இரண்டு பேருக்கும் சௌகரியம்.

அவரிடம் ஒரு முறை உண்டு. எந்தப் பழுது வந்தாலும் முதலில் ஒரு வெள்ளைத்தாளை எடுப்பார். இந்தக் கோடியில் ஒரு போன், அந்தக் கோடியில் ஒரு போன், நடுவில் ஒரே ஒரு கோடு. கோட்டின் மேல் வழியிலிருக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு புள்ளி. குரல் எந்தப் புள்ளி வரைக்கும் வந்ததை நம் கண்ணால் பார்த்தோமோ, அது வரைக்கும்தான் பேனாவால் கோடு. அதற்கப்பால் பென்சில். "அங்கேயும் வந்திருக்கும் சார்" என்று சொன்னால் தலையை நிமிர்த்தவே மாட்டார். "கண்டோ, அதோ ஊகிச்சோ?" என்று மட்டும் கேட்பார். பார்த்ததென்றால் பேனா, ஊகித்ததென்றால் பென்சில்தான். சத்தம் போட்டுத் திட்டி நான் அவரைப் பார்த்ததில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே நாங்கள் ஒழுங்காக வேலை செய்தோம்.

அந்தச் சமயத்தில்தான் மலை கிளினிக் வேலை வந்தது. வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். அங்கே இரண்டு அறையில் ஒரு கிளினிக், அதில் ஒரே ஒரு நர்ஸ், ராஜாத்தி. அவளுடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம். கிளினிக்கை நடத்திய ஆஸ்பத்திரி நகரத்தில் இருந்தது. டாக்டர் யாரும் மலையில் தங்கத் தயாரில்லை. மொபைலுக்கு அங்கே சிக்னல் கிடையாது. எஸ்டேட் ஆபீஸின் தரைவழி போன் மழை தொடங்கினால் படுத்துவிடும். ஆகவே வித்துராவிலிருந்து ஆண்டெனா வழியாக இணைய இணைப்பு வாங்கி, நகரத்திலிருக்கும் டாக்டர் லதிகா தினமும் காலையில் ஐபி போன் வழியாக ராஜாத்தியிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் கேட்டு மருந்து சொல்வது என்று ஏற்பாடு. ஆஸ்பத்திரி நிர்வாகி மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். போன் சரிப்பட்டால் கிளினிக் இருக்கும், இல்லையென்றால் மூடிவிட்டு ராஜாத்தியை நகரத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். மூடினால் மலைக்காரர்களுக்கு ஜீப் பிடித்து வித்துரா, வித்துராவிலிருந்து பஸ், ஒரு ஊசிக்கு ஒரு நாள் வேலை போச்சு.

போனைப் போட்டோம். மணி அடித்தது. ராஜாத்தி பேசியது டாக்டருக்குக் கேட்டது. டாக்டர் பேசியது ராஜாத்திக்குக் கேட்கவில்லை.

இங்கேதான் என் முதல் முட்டாள்தனம். பழைய டெலிபோனில் மணியும் குரலும் ஒரே கம்பி ஜோடியில்தான் வரும். மணி அடித்து, ஒரு பக்கம் மட்டும் கேட்கவில்லை என்றால் கம்பியில் தப்பில்லை, போன் கருவியில்தான் தப்பு. இருபது வருஷம் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவந்தேன். அதே அகராதியை வைத்துக்கொண்டு வேறு போனை எடுத்துக்கொண்டு மலையேறினேன். கேட்கவில்லை. இன்னொரு போன். அதுவும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை நான் பையைத் திறந்தபோது ராஜாத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எதுக்கு மேடம் சிரமம்? இங்கனயே ஒரு போன் கடை போட்டுருங்க. நான் மருந்தும் குடுப்பேன், போனும் விப்பேன்."

"சிரிக்கறயா? சிரி சிரி. இன்னிக்கு இது பேசாம நான் எறங்கப் போறதில்லையாக்கும்" என்றேன். அது பேசவில்லை, நான் இறங்கினேன்.

வர்கீஸ் சார் தாளை எடுத்தார். "கோமதி, போன் மோசம்னு சொன்னியே. கண்டோ?" எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மூன்று போனும் எங்கள் ஆபீஸ் மேஜையில் ஒன்றோடொன்று அழகாகப் பேசின என்பதை நானே பார்த்திருந்தேன். ஒரே அறையில் இருக்கும் இரண்டு போன் பேசாமல் என்ன செய்யும்?

மறுநாள் டாக்டரின் அறைக்குப் போனேன். அவருடைய போனுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பழைய ஹப்பை, அதாவது இணைப்பைக் கிளை பிரிக்கும் பெட்டியை, மாட்டி, அதில் என் லேப்டாப்பைச் செருகினேன். குரலைத் துண்டு துண்டாக்கிப் போன் அனுப்பும் ஒவ்வொரு பாக்கெட்டும் எங்கே போகிறது என்று திரையில் தெரியும். மலைக்குக் கூப்பிடச் சொன்னேன். டாக்டர் பேசினார். பாக்கெட்டுகள் ஓடின. எந்த முகவரிக்கு? 192.168.1.20. அந்த முகவரியைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலையில் ராஜாத்தியின் போனுக்கு நான் கொடுத்த எண் அது. ஆனால் அது கிளினிக்குக்குள் மட்டும் செல்லுபடியாகிற உள் எண். ஆஸ்பத்திரிக்குள்ளும் அதே வரிசை உள் எண்கள்தான் இருந்தன.

கரமனையிலும் இருபதாம் நம்பர் வீடு உண்டு, கிழக்கேகோட்டையிலும் உண்டு. ஊரையும் தெருவையும் எழுதாமல் வெறுமனே "இருபதாம் நம்பர்" என்று எழுதினால் தபால்காரர் பக்கத்துத் தெருவில்தான் போடுவார். ராஜாத்தியின் போன், "எனக்குச் சொல்ல வேண்டியதை இருபதாம் நம்பருக்கு அனுப்பு" என்று சொல்லியிருந்தது. டாக்டரின் போனும் அப்படியே நம்பிவிட்டது. மணியடிக்கும் வேலையை எங்கள் சர்வர் நடுவிலிருந்து பார்த்துக்கொண்டது, அதனால் மணி மட்டும் ஒழுங்காக அடித்தது. டாக்டரின் போனுக்கு நாங்கள் வெளியிலிருந்து நிலையான வழி ஒன்று வைத்திருந்ததால் ராஜாத்தியின் குரலும் வந்து சேர்ந்தது. டாக்டரின் குரல்தான் வழி தவறியது.

ஆஸ்பத்திரியில் அந்த இருபதாம் நம்பர் யார் என்று தேடிக்கொண்டு போனேன். மருந்துக் கவுண்டரின் கம்ப்யூட்டர்! மூன்று வாரமாக டாக்டர் லதிகா மலைக்குச் சொன்ன மருந்தெல்லாம் கீழ்த்தளத்தில் மருந்துக் கவுண்டருக்கு வந்து, கேட்பாரில்லாமல் குப்பையாகிக்கொண்டிருந்தது. அங்கிருந்த பார்மஸிஸ்டிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, "இவ்விடெ ஒண்ணும் கேட்டில்லல்லோ மேடம்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றைக்கு நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

சரிசெய்வது அவ்வளவு சுலபமாக இல்லை. ராஜாத்தியின் போனுக்கு அதன் வெளி எண்ணைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தோம். கிளினிக்கின் ரௌட்டர் ஒரு தடவை எண்ணை மாற்றுகிறது. வித்துராவில் இணைப்புக் கொடுப்பவரின் பெட்டி இன்னொரு தடவை மாற்றுகிறது, அதுவும் யாரோடு பேசுகிறோமோ அதற்கேற்ப வேறுவேறாக. எந்த எண்ணைச் சொன்னாலும் பொய்யாகிவிட்டது. கடைசியில் வர்கீஸ் சார், "ரெண்டு பேரும் ஒருத்தரெ ஒருத்தர் தேடண்டா. ரெண்டு பேரும் நம்முடெ அடுத்து வரட்டே" என்றார். இரண்டு போனும் நம்மிடம் வரட்டும் என்கிறார். எங்கள் ஆபீஸில், உலகம் முழுவதற்கும் தெரிந்த வெளி எண்ணோடு ஒரு ரிலே சர்வர் வைத்தோம். இரண்டு போனும் குரலை அதற்கு அனுப்பும். எந்த வாசல் வழியாகக் குரல் வந்ததோ, அதே வாசல் வழியாக மறுபக்கத்துக் குரலை ரிலே திருப்பி அனுப்பும். முகவரி என்ன சொல்கிறது என்றே பார்க்க வேண்டாம்.

சோதித்தோம். நான் மலையில், சார் ஆபீஸில். "ஹலோ ஹலோ, ஒண்ணு ரெண்டு மூணு, கேக்கறதா சார்?" "கேட்டு கேட்டு, பறஞ்ஞோ" என்று சார் மேலே பேசச் சொன்னார். பத்து நிமிஷம், இருபது நிமிஷம், கணீரென்று கேட்டது. ராஜாத்தி சர்க்கரை அதிகமாகப் போட்டு டீ கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்குத்தான் நான் அவளுக்கு மேடத்திலிருந்து அக்கா ஆனேன்.

அடுத்த வாரம் காலை பத்து மணிக்கு ஆபீஸ் போனில் அவள் குரல். "அக்கா, மறுபடியும் கேக்கல." அவள் குரலில் சிரிப்பு இல்லை.

நடந்தது இதுதான். பேச்சியம்மா என்று கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா. சர்க்கரை வியாதி, இரண்டு வேளையும் இன்சுலின். விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி, கைகால் நடுங்குகிறது என்று வந்திருந்தார். அதுவரை இரண்டு வரியில் மருந்து சொல்லிவந்த டாக்டர், அன்றைக்கு எல்லாம் கேட்டுவிட்டு விளக்கமாகச் சொல்லிக்கொண்டே போய்க் கடைசியில் டோஸுக்கு வந்திருக்கிறார். "காலை டோஸ் அப்படித்தன்னே இருக்கட்டும். ராத்திரி டோஸ்…" அத்தோடு சத்தம் நின்றுவிட்டது. டாக்டர் யோசிக்கிறார் போலிருக்கிறது என்று ராஜாத்தி காத்திருந்தாள். பிறகு "டாக்டர்? டாக்டர்?" என்று கூப்பிட்டாள். அவள் கூப்பிட்டது அங்கே கேட்டது, அவர் கத்தியது இங்கே கேட்கவில்லை. திரும்பக் கூப்பிட்டும், டாக்டர் முதலிலிருந்து விளக்கும்போது பாதியில் அதே கதை; எஸ்டேட் போனும் மழையில் படுத்திருந்தது.

ராத்திரி டோஸைக் கூட்டுவதா, குறைப்பதா? தப்பாகப் போட்டால் அந்த அம்மா தூக்கத்திலேயே போய்விடலாம். ராஜாத்தி ஊகிக்கவில்லை. ஜீப்பைக் கூப்பிட்டு, பேச்சியம்மாவை ஏற்றி நகரத்துக்கு அனுப்பிவிட்டாள்.

"அரைகொறையா கேக்குறதுக்கு ஒண்ணுமே கேக்காம இருந்துறலாம்க்கா" என்றாள். "அது வேலை செய்யிதுன்னு நம்பிட்டேன்லா."

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. இன்றைக்கு நினைத்தாலும் தைக்கிறது.

நிர்வாகிக்கு விஷயம் எட்டியது. அவர் கெட்டவரில்லை. "இது மருந்து விஷயம், விளையாட முடியாது. மாசக் கடைசியில் கிளினிக்கை நிறுத்திவிடலாம்" என்றார். அவரை என்னவென்று குறை சொல்வது?

பன்னிரண்டு நாள் இருந்தது. நான் மறுபடி மலையேறிச் சோதித்தேன். "ஹலோ ஹலோ, ஒண்ணு ரெண்டு மூணு." கணீரென்று கேட்டது. அரை மணி நேரம் பேசினாலும் அறுபடவில்லை. நான் பேசினால் வேலை செய்தது, ராஜாத்தி பேசினால் செய்யவில்லை. ஆள் பார்த்து வேலை செய்கிற போனா இது? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாரைக் கூப்பிட்டேன். "சார், நான் பண்ணினா நன்னா இருக்கு. அவ பண்ணினா போயிடறது."

"அவள் எங்ஙனெ பேசுறான்னு கண்டோ?"

பார்க்கவில்லை. என் சோதனையைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை கிளினிக்கில் ஒரு மூலையில் ஸ்டூலைப் போட்டு, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "நான் இங்கே இல்லேன்னு நெனச்சுக்கோ. எப்பவும் போலப் பேசு, கேட்டியா" என்றேன்.

கிளினிக் நிறைய ஆட்கள். இருமல், குழந்தை அழுகை, வாசலில் கோழிச் சத்தம். டாக்டர் லைனில் வந்தார். ராஜாத்தி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். ஒவ்வொருவராகச் சொன்னாள். டாக்டர் பதில் சொல்லத் தொடங்கியதும் அவள் செய்ததைப் பார்த்தேன். இடது உள்ளங்கையை எடுத்துப் போனின் வாய்ப்பக்கத்தின் மேல் அழுத்தி மூடிக்கொண்டாள். "ம்" கூடக் கொட்டவில்லை. டாக்டர் பேசும்போது இந்தச் சந்தைக்கடைச் சத்தம் அவர் காதில் விழக்கூடாது. பெரியவர்கள் சொல்லும்போது குறுக்கே பேசவும் கூடாது. அவளுக்கு அது மரியாதை, பழக்கம்.

என் திரையில் இரண்டு வரிசை ஓடிக்கொண்டிருந்தது, வருகிற குரலும் போகிற குரலும். அவள் கை மூடிய அதே கணத்தில் போகிற வரிசை நின்றது. நான் வாய்க்குள் எண்ணினேன். முப்பதைத் தாண்டியதும் வருகிற வரிசையும் நின்றது. ராஜாத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கேட்கவில்லை என்று கண்ணாலேயே சொன்னாள்.

எனக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. உள்ளேயிருந்து குரல் வெளியே போய்க்கொண்டிருக்கும் வரைக்கும்தான் வித்துராவிலிருக்கும் பெட்டி அந்த வாசலைத் திறந்து வைத்திருக்கும். அரை நிமிஷம் ஒன்றும் வெளியே போகவில்லை என்றால் பேச்சு முடிந்தது என்று மூடிவிடும். மறுபடி பேசினால் வேறு வாசல். ரிலேயோ பழைய வாசலிலேயே டாக்டரின் குரலைப் போட்டுக்கொண்டிருக்கும்.

சரி, ஆள் பேசாவிட்டாலும் போன் சும்மா இருக்கும் சத்தத்தையாவது அனுப்ப வேண்டாமா? ஏன் அனுப்பவில்லை? ஏனென்றால், சத்தமில்லாதபோது எதையும் அனுப்பாதே என்று அந்தப் போனில் ஒரு வசதி உண்டு. மலை இணைப்பு மெலிந்தது, வீணாக்கக் கூடாது என்று அதை இயக்கி வைத்த மகராசி யார்? நான்தான். சாமர்த்தியம் என்று நினைத்து நான் செய்தது. நானும் சாரும் எக்ஸ்சேஞ்ச் வழக்கப்படி மூச்சுவிடாமல் "ஹலோ ஹலோ" என்று கத்திச் சோதித்ததால், சும்மா இருப்பது எப்படியிருக்கும் என்று நாங்கள் சோதித்ததே இல்லை.

சாரைக் கூப்பிட்டேன். "கண்டேன் சார்" என்றேன். கையை மூடியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த செட்டிங்கை ஆன் பண்ணினது நான்தான் சார்" என்றும் சொன்னேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "அப்போ ஆளெக் கிட்டி! பேனா கொண்டு எழுதட்டே?" என்றார். ஆள் அகப்பட்டாச்சு, இனி பேனாவால் கோடு போடலாம் என்று அர்த்தம்.

அந்த வசதியை நிறுத்தினேன். இனி ராஜாத்தி பேசினாலும் பேசாவிட்டாலும் போன் அனுப்பிக்கொண்டே இருக்கும். "அக்கா, நான் வேணா இனிமே கைய வைக்காம இருக்கட்டா?" என்று அவள் கேட்டாள். குற்றம் செய்தவள் போல நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டி மாத்திக்கணும்? நீ பண்றது நன்னாத்தான் இருக்கு. தப்புப் பண்ணினது நானாக்கும்" என்றேன்.

மாசக் கடைசிக்கு மூன்று நாள் முன்னால் நிர்வாகி டாக்டரின் அறைக்கு வந்து உட்கார்ந்தார். சாரும் அங்கே இருந்தார். நான் மலையில் இருந்தேன். எனக்குப் பக்கத்தில், நகரத்தில் தேறித் திரும்பியிருந்த பேச்சியம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ராஜாத்தி எழுந்து நின்று உள்ளங்கையால் போனை மூடிக்கொண்டாள். டாக்டரை நிறுத்தாமல் பேசச் சொல்லியிருந்தோம். அவர் தம்முடைய மலையாளத் தமிழில் பேச்சியம்மாவின் இன்சுலினைத் தொடங்கி, சாப்பாடு, காலில் செருப்பு, புண் வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொண்டே போனார். கிளினிக்கில் ஒரு குழந்தை வீறிட்டது. முப்பது தாண்டியது, அறுபது தாண்டியது. நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

"இத்ரயே உள்ளூ. கேட்டோ ராஜாத்தி?" என்று டாக்டர் முடித்தார்.

ராஜாத்தி கையை எடுத்தாள். "கேட்டுச்சு டாக்டர். காலை டோஸ் அப்படியே. ராத்திரி டோஸ்ல ரெண்டு யூனிட் குறைக்கணும். படுக்கப் போறதுக்கு முன்னால ஏதாச்சும் சாப்பிடணும். செருப்பில்லாம கொழுந்துக்காட்டுல எறங்கக் கூடாது…" ஒன்று விடாமல் ஒப்பித்தாள். பேச்சியம்மா அவள் கையிலிருந்து போனை வாங்கி, "அம்மா, எங்கிட்ட இருக்க செருப்பு அந்துபோச்சு, அத மொதல்ல சொல்லிக்கிடுதேன்" என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கம் நிர்வாகி வாய்விட்டுச் சிரித்தது எனக்கே கேட்டது. கிளினிக்கை மூடும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

அதன்பிறகு எத்தனையோ ஆபீஸ்களுக்கு, எத்தனையோ ஊர்களுக்கு போன் போட்டேன். ஒவ்வொரு தடவையும் கடைசிச் சோதனை ஒன்று வைத்துக்கொண்டேன். லைனைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் மூன்று நிமிஷம் வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். சின்னவர்கள் என்னைக் கேலி செய்வார்கள். "கோமதி மேடத்தோட மௌன விரதம்" என்பார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

நான் ஓய்வு பெற்ற அன்று பிற்பகல், கேக் வெட்டி, வர்கீஸ் சார் பேசி முடித்த பிறகு, என் மேஜையிலிருந்த போன் அடித்தது. மலையிலிருந்து ராஜாத்தி. கிளினிக்குக்குப் புதிதாக ஒரு அறை கட்டியதையும், இன்னொரு நர்ஸ் வந்ததையும், பேச்சியம்மா பேத்தியின் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடச் சொன்னதையும் சொன்னாள். "இன்னியோட முடிஞ்சிட்டாமே அக்கா? இனிமே இந்த நம்பர்ல நீங்க இருக்க மாட்டீகளா?" என்றாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைப் பிடித்தபடியே நின்றேன். அந்தப் பக்கம் கோழி கூவுவதும் ஆட்கள் பேசுவதும் கேட்டது. அவளும் காத்திருந்தாள். முப்பதுக்கு மேலேயே இருக்கும்.

"பேசாட்டியும் பரவால்லக்கா" என்றாள் ராஜாத்தி. "இப்பதான் லைன் கட்டாகாதுல்லா."